மூடி வைத்த பாண்

"செத்தவைக்கு என்ன சாப்பாடு பிடிக்குமெண்டு கேளும்," என்றார் இராஜதுரை.

சிவாஜினி கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இசபெல் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த மனிதர் இப்போது என்ன சொன்னார் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். விழா நடக்கப்போகும் நிலையத்தின் பொறுப்பாளர் அவள். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. சிவாஜினி தொண்டையைச் செருமிக்கொண்டு, விழாவுக்கு வருகிறவர்களில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று என் கணவர் கேட்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னாள். இசபெல், "முப்பது பேராவது இருப்பார்கள்," என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

இராஜதுரைக்குப் பிரெஞ்சு வாயால் வராதே தவிர, காதுக்குள் நன்றாகவே போகும். இருபத்தாறு வருசம் பாரிஸ் சமையலறைகளில் ஏச்சு வாங்கிய காது அது. மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நான் மரக்கறியைப் பற்றியோ கேட்டனான்?"

"என்னப்பா நீங்கள்? உதெல்லாம் வெள்ளைக்காரரிட்டைக் கேக்கிற கேள்வியோ? விசர் எண்டு நினைக்கப்போகினம். சும்மா இருங்கோ."

"உமக்கு வெக்கமெண்டால் நான் கேக்கிறன்."

இதில் சிவாஜினியின் பிழையும் கொஞ்சம் இருந்தது. பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு சலூனுக்கும் தொலைபேசிக் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு இருக்கிறது அவர்களுடைய சாப்பாட்டுக் கடை. சமையல் அவர், பேச்சு அவள் என்பது கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு. போனில் இந்த ஓடர் வந்தபோது, 'எண்பது பேர், சனிக்கிழமை பின்னேரம், ரோல்சும் வடையும் பற்றிசும், ஏதோ ஒரு நிலையத்தின் பத்தாவது ஆண்டு விழா' என்று மட்டும்தான் அவள் அவரிடம் சொன்னாள். சமாதானத்துக்கும் மனித உரிமைக்குமான நிலையம் என்றால் நாலு கூட்டம் போடுவார்கள், நாற்பது துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். கடை இருக்கும் தமிழர் பகுதியான லாசப்பலிலிருந்து பத்து நிமிச நடை. வந்த இடத்தில் இசபெல் முதல் வேலையாக அவர்கள் இருவரையும் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெர்மன்காரர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அந்தக் கட்டிடம் ஒரு பொலிஸ் தலைமையகமாக இருந்ததாம். கீழே ஐந்து சிறைக்கூடங்கள், பிடித்துக்கொண்டு வந்தவர்களை வைத்து விசாரித்த இடம். சுவரில் ஆணியாலும் நகத்தாலும் கீறிய கோடுகளைக் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். ஒன்பது பேர் இங்கேயே செத்துப்போனார்கள் என்று இசபெல் சொன்னதைச் சிவாஜினி தமிழில் சொன்னாள். சொல்லும்போது குரல் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. தடக்காததை இராஜதுரை கவனித்தார்.

மேலே ஏறி வரும்போதே மனிதர் மனதுக்குள் சமையலை மாற்றத் தொடங்கிவிட்டார். அவரைப் பொறுத்தவரை ஓடர் மாறிவிட்டது. ஆட்கள் செத்த இடத்தில் சமைத்துக் கொடுக்கிறதென்றால் முதல் இலை செத்தவர்களுக்கு. உயிரோடு இருக்கும்போது எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதைச் சமைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும். குடிக்கிறவராக இருந்தால் அரைப் போத்தல் சாராயம்கூட இலைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இதில் பிரெஞ்சுக்காரர் என்ன, தமிழர் என்ன?

"மதாம்," என்றார் இராஜதுரை, தன்னிடமிருந்த பிரெஞ்சு முழுவதையும் ஒன்றுதிரட்டிக்கொண்டு. "கீழே. செத்த ஆட்கள். சாப்பிட. என்ன விருப்பம்?"

போதாதென்று நிலத்தைக் காட்டி, வாயைக் காட்டி, வயிற்றையும் தடவிக் காட்டினார். சிவாஜினிக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வேறு வழியில்லாமல் படையல் என்றால் என்ன, அதை ஏன் செய்கிறோம் என்று அவளே விளக்கவேண்டியதாகிவிட்டது. இசபெல் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"பத்து வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்," என்றாள். "எப்படி அடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அந்த ஒன்பது பேரில் சிலருடைய சப்பாத்து அளவுகூட எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டது தெரியாது." மேசை நாட்காட்டியை ஒரு தாள் திருப்பினாள். "எனக்கு ஒரு கிழமை தாருங்கள்."

திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் இராஜதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பாத்தீரே? மனுசிக்கு விளங்கீட்டுது. உமக்குத்தான் விளங்கேல்லை," என்று இரண்டு தரம் சொன்னார். சிவாஜினி தெருவைக் கடந்து மறுபக்கம் போனாள். இந்தப் பக்கம் சந்தியில் ஒரு பேக்கரி இருந்தது. இராஜதுரையும் பின்னால் கடந்தார்.

பாரிசில் இருபத்தாறு வருசம் இருந்துகொண்டு ஒரு நாளும் பாண் வாங்காத மனுசி யாரென்று கேட்டால் லாசப்பலில் சிவாஜினியைக் காட்டலாம். மகள் ரூபிகா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அம்மாவுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அதுவே எல்லாருக்கும் வசதியான காரணமாகிவிட்டது. ரோல்ஸ் சுற்றுவது கோதுமை மாவில்தானே என்று யாரும் கேட்கவில்லை. இராஜதுரைக்கோ பகெத் என்கிற நீட்டுப் பாண் என்றால் உயிர். வாங்கிப் பேப்பரில் சுற்றிக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய், நின்றபடியே தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வருவார். அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும்.

ஐங்கரன் அவளுடைய தம்பி, ஐந்து வயது இளையவன். அவனுக்கு இருபது வயதாயிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதத்தில், ஊரில் ஒரு பின்னேரம், "பேக்கரியிலை பாண் இறக்கிற நேரம், ஓடிப்போய் ஒரு றாத்தல் வாங்கிக்கொண்டு வா," என்று அவனை அனுப்பியது அவள்தான். அம்மா அனுப்பவில்லை, அப்பா அனுப்பவில்லை. அவனுக்கும் பாண் என்றால் போதும். நல்லாய்க் கருகின கரைப் பக்கமாகப் பார்த்துப் பிய்த்து, மாஜரின் பூசி, மேலே சீனி தூவித் தின்னுவான். அன்றைக்குப் பேக்கரி வரிசையில் நின்ற நாலு பேரைச் சீருடைக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலாவது ஆள் அவன். ஜீப் ஒரு பொலிஸ் கட்டிடத்துக்குள் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். பாண் வராததால் அவள் பிட்டு அவித்து, அவனுடைய பங்கை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். பிந்தி வருகிறவனுக்கு அப்படித்தானே வைக்கிறது.

பதினாலு நாள் அந்தக் கட்டிடத்தின் வாசலில் போய் நின்றாள். வாசலில் இருந்தவன் நீளமான பதிவுப் புத்தகம் ஒன்றை விரித்து, மேலிருந்து கீழே விரலை இழுத்து, "அந்தப் பேர் இல்லை," என்பான். பதினைந்தாம் நாள் அவளைக் கண்டதும் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. அதற்குப் பிறகு போன இடங்கள், கொடுத்த மனுக்கள் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனால் ஐங்கரனுக்கு எட்டுச் செலவு செய்யவில்லை, அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் இல்லை. தாயும் தகப்பனும் மகனுக்கு ஒரு இலை போடாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். இலை போட்டால் செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். போடாத வரைக்கும் அவன் பிந்திக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருசமாகப் பிந்துகிறான் என்றால் பிந்தட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

சொன்னபடி ஒரு கிழமையில் இசபெல் கடைக்கு வந்தாள். மத்தியானச் சனம் குறைந்த நேரம். கையில் ஒரு பழுப்பு நிறக் கோப்பு. இராஜதுரை கேட்காமலே கடலை வடை இரண்டை வைத்து, தேத்தண்ணியும் ஊற்றி வைத்தார். இசபெல் வடையைக் கடித்துக் கண்ணில் நீர் வர இருமி, தேத்தண்ணியைக் குடித்து, மறுபடியும் கடித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அவள்மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிவிட்டது.

நிலவறையில் இருந்தவர்கள் அழுக்கு உடுப்பைத் துவைக்க வீட்டுக்கு அனுப்பும்போது மடிப்புக்குள் கடிதத் துண்டுகளை ஒளித்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றின் பிரதிகள் நிலையத்தில் இருந்தன. அரசியலுக்கும் ஆட்களின் பெயருக்குமாக அவற்றைப் பலமுறை வாசித்திருந்த இசபெல், இந்த முறை சாப்பாட்டுக்காக வாசித்தாளாம். "சாப்பாட்டைத் தவிர அவற்றில் வேறொன்றுமே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது," என்றாள். ஒருவர் வெங்காயம் அதிகம் போட்ட சூப்பை நினைத்துக்கொண்டு படுக்கிறேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தங்கச்சி சமைத்தால் அனுப்ப வேண்டாம், அம்மா சமைத்தால் மட்டும் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். ஒரு ஆசிரியைக்குப் புளிப்பு அப்பிளில் செய்த தார்த் என்ற இனிப்புப் பணியாரம். றெயில்வேயில் வேலை செய்த ஒருவர் பொரித்த மத்தி மீன் கேட்டு, மேலே பிழியத் தேசிக்காய் இல்லையென்றால் மீனும் வேண்டாம் என்று மனைவிக்கு எழுதியிருந்தார்.

"சாப்பாடு தெரிஞ்ச மனுசன்," என்று இராஜதுரை உருகிப்போனார். "இவருக்கு நான் பொரிச்சுக் குடுக்கிறன். ஒரு முள்ளு இருக்காது."

எட்டுப் பேருக்குக் கிடைத்துவிட்டது. இசபெல் கடைசித் தாளை எடுத்தாள். அதில் இரண்டு வரிதான் இருந்தது.

"ஒன்பதாவது ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது. கடிதம் இல்லை. தேடிக்கொண்டு யாரும் வரவும் இல்லை, வந்திருந்தாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. பொலிசின் புத்தகத்தில் 'இளைஞன், வயது இருபது இருக்கலாம்' என்று மட்டும் இருக்கிறது. இவருக்கு என்ன பிடிக்கும் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னியுங்கள்."

சிவாஜினி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கி, "வயது இருபது" என்ற இடத்தில் நிறுத்தினாள். இராஜதுரை, "விளங்கீட்டுது, விடும்," என்றார்.

இசபெல் போன பிறகு அவர் வாழையிலை, மீன் என்று வாங்கவேண்டிய சாமான் துண்டை எழுதினார். வழக்கத்துக்கு மாறாக மெதுவாக எழுதினார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்சேரும், அந்தப் பேர் தெரியாத பெடியனுக்குப் பாண் வைப்பமே? கருகின கரையாப் பாத்து. சீனி தூவி."

சிவாஜினி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ர தம்பி சாகேல்லை."

"நான் ஐங்கரனுக்கு எண்டு சொன்னனானோ? அந்தப் பெடியனுக்கு எண்டுதானே..."

"எனக்கு உங்களைத் தெரியாதே? சுத்திவளைச்சு என்ர கையாலை அவனுக்கு இலை போடப் பாக்கிறியள். அது நடவாது. என்ன சமைக்கிறியளோ சமையுங்கோ, என்னைக் கேக்காதையுங்கோ."

அவள் சொன்னதில் பிழையில்லை. இராஜதுரை அப்படித்தான் நினைத்திருந்தார். ஐங்கரனை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. கலியாணம் பேசும்போது காட்டிய படத்தில் அக்காவின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற பெடியன், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் தொலைபேசி மணியடித்தால் சிவாஜினி முதல் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பதை இருபத்தாறு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அந்த ஒரு கணத்தை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எப்படி என்றுதான் தெரியவில்லை. சமையல்காரனுக்குச் சமையலால்தானே ஏதும் செய்யத் தெரியும்.

மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. "உப்புக் காணாது", "மூண்டாம் மேசைக்குக் கொத்து" என்பவை கதையில் சேராது. அவரும் அந்த மூன்று நாளும் பகெத் வாங்கவில்லை. நாலாம் நாள் சனிக்கிழமை.

பன்னிரண்டு மணிக்கே பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். விருந்தினர் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். வாசலில் றொனால்ட் இருந்தார். மார்த்தினிக் தீவைச் சேர்ந்த காவலாளி, ஆறடி உயரம், மெதுவாகப் பேசுகிற மனிதர். வரப்போகிறவர்களின் பெயர்களைத் தன்னுடைய பதிவேட்டில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். சிவாஜினிக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டு விறுவிறென்று உள்ளே போனாள்.

நடுச் சிறைக்கூடத்தில் இசபெல் நீளமான மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். கற்பூரம் கொளுத்தினால் புகைக்கருவி கத்தும் என்பதால் பற்றரியில் எரியும் மெழுகுதிரி ஒன்றும் வைத்திருந்தாள். இராஜதுரை அதைத் தூக்கி, திருப்பி, அடியில் இருந்த பொத்தானை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "பற்றரி வெளிச்சத்துக்கு வாற செத்தவை இந்த ஊரிலைதான் இருப்பினம்," என்று சொல்லிவிட்டு, பக்தியோடு நடுவில் வைத்தார். ஒன்பது இலை போட்டார்கள். சூப் ஒரு கோப்பையில். மத்தி மீன், பக்கத்தில் பாதி தேசிக்காய், அது உருளாமல் இருக்க அடியை ஒரு சீவல் சீவியிருந்தது. தார்த் செய்ய இராஜதுரைக்கு வராது. அதை வாங்கித்தான் வைத்தார், அதற்காக ஆசிரியையிடம் தமிழில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அம்மா சமைத்தால் மட்டும் கேட்டவருக்கு ஆட்டிறைச்சி அவியல். "இது தங்கச்சி சமைச்சதில்லைத் தம்பி, பயப்பிடாமல் சாப்பிடும்," என்றார். ஒன்பதாவது இலையில் சோறும் பருப்பும் வைத்தார். சிவாஜினியைப் பார்க்கவில்லை.

தண்ணீர் தெளித்து முடிந்ததும் அடுத்த வேலை கதவைச் சாத்துவது. படைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்தி எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கை தட்டிவிட்டுத் திறக்கலாம். இராஜதுரை குனிந்து, கதவு திறந்தபடியே நிற்கக் கீழே கொடுத்திருந்த இரும்பு ஆப்பைக் கழற்றினார். எண்பது வருசத்துக் கதவு ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு றொனால்ட் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்.

"இல்லை ஐயா! இல்லை! இந்தக் கதவு மட்டும் சாத்தக் கூடாது!"

இசபெலும் வந்துவிட்டாள். இந்தக் கட்டிடம் நிலையமாக மாறியபோது செத்தவர்களின் குடும்பத்தார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்களாம். கீழே இருக்கும் ஐந்து கதவுகளும் இனி எந்தக் காரணத்துக்காகவும் சாத்தப்படக் கூடாது. பத்து வருசத்தில் துடைக்கிறவர்கள்கூடச் சாத்தியதில்லை.

"சாத்தாட்டி அவை எப்பிடி வந்து சாப்பிடுறது?" என்று இராஜதுரை கேட்டார். கோபமில்லை, அவருக்கு உண்மையாகவே கவலை. "ஆக்கள் பாக்கச் சாப்பிடுறதோ? பட்டினி கிடந்து செத்த சனம்."

இசபெல் தமிழ் விளங்காமலே அவருடைய முகத்தைப் பார்த்துத் தலை குனிந்தாள். அவளுக்கும் இந்தச் சாப்பாடு நடக்க வேண்டும் என்றிருந்தது. றொனால்ட் ஆப்பைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். எல்லாரும் கடைசியில் சிவாஜினியைப் பார்த்தார்கள், பேச்சு அவளுடைய வேலை என்பதால்.

அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிப்பக்கம் பச்சைப் பூச்சு உரிந்த கனமான கதவு. பதினாலு நாள் அவள் பார்த்துக்கொண்டு நின்றதும் ஒரு கதவைத்தான், அதுவும் வெளிப்பக்கத்தை மட்டும்தான்.

"கதவு துறந்தே கிடக்கட்டும்," என்றாள், மூன்று நாளுக்குப் பிறகு கணவனின் முகத்தை நேரே பார்த்து. "இவ்வளவு காலம் சாத்தினது போதும் இதுக்கு."

விழாவுக்கு மாற்றிக்கொள்ள என்று பையில் கொண்டுவந்திருந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்தாள். றொனால்டின் உயரம் அன்றைக்கு உதவியது. கதவு நிலைக்கு மேலே ஓடிய குழாயில் அவர் சேலையைப் போட்டு இழுத்துவிட, வாசலை மறைத்துக்கொண்டு அது நிலம்வரை விழுந்தது. கதவும் திறந்திருந்தது, வருகிறவர்களுக்கு மறைப்பும் இருந்தது. இசபெல் சேலையின் கரையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "சரி வருமே?" என்று சிவாஜினி கேட்க, இராஜதுரை, "உது நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சேலையை விலக்கி எல்லாம் சரியா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தபோது சிவாஜினியின் கண் ஒன்பதாவது இலையில் போய் நின்றது. மற்ற எட்டு இலைகளிலும் ஆள் தெரிந்தது, மீன்காரர், சூப்காரர், தங்கச்சியின் சமையலோடு கொழுவல்காரர் என்று. இந்த இலையில் சோறு மட்டும்தான் இருந்தது. இந்தப் பெடியனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாளே என்று நினைத்தாள். எங்கேயோ ஒரு குசினியில் தட்டை மூடி வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். இந்த வாசலுக்கு வந்து கேட்டும் இருப்பாள், 'அந்தப் பேர் இல்லை' என்றும் சொல்லியிருப்பார்கள். அவளும் செத்து எத்தனையோ வருசமாகியிருக்கும். இனி அவன் வரமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிகிற காலத்தில் அவனுக்கு ஒரு இலை போட அவள் இல்லை.

"பொறுங்கோ. அஞ்சு நிமிசம்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

சந்திப் பேக்கரியில் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவள் ஆறாவதாக நின்றாள். இரண்டு தரம் திரும்பித் தெருவைப் பார்த்தாள், வாகனம் ஒன்றும் நிற்கவில்லை. அவளுடைய முறை வந்ததும் ஒரு பகெத் என்றாள். நல்லாய் வெந்ததா, மெல்லிசாக வெந்ததா என்று விற்கிற பெண் கேட்டாள். பாரிசில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சிவாஜினி தட்டில் அடுக்கியிருந்த பாண்களின் கரைகளைப் பார்த்தாள்.

"நல்லாய் வெந்தது," என்றாள். "கரை கருகியிருந்தால் இன்னும் நல்லது."

பாண் சுட்டது. அதை அணைத்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து இராஜதுரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. இசபெல் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த சீனிப் பைக்கற்றுகளையும் குசினியிலிருந்து மாஜரினையும் அள்ளிக்கொண்டு வந்தாள். சிவாஜினி பகெத்தை நடுவில் முறித்தாள். ஒரு பாதியைப் பிளந்து, மாஜரின் பூசி, சீனி தூவி, ஒன்பதாவது இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பேர் தெரியாது, குறை நினையாதையும்," என்று சொன்னாள். "உம்மடை அக்காவுக்காக வைக்கிறன்."

பிறகு எல்லாரும் வெளியே வந்து, சேலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இசபெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். றொனால்ட் தொப்பியைக் கழற்றியிருந்தார். உள்ளே எங்கிருந்தோ காற்று வர, சேலை ஒரு தரம் உப்பி அடங்கிய சத்தம் கேட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிசம் கழித்து இராஜதுரை மூன்று தரம் கை தட்டினார். றொனால்டும் சேர்ந்து தட்டிவிட்டார், பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ.

மற்றப் பாதி பாண் சிவாஜினியின் கையிலேயே இருந்தது. மேலே குசினிக்குள் போய் அதையும் பிளந்தாள், மாஜரின் பூசினாள், கருகின கரையில் கூடவே இரண்டு பைக்கற்றுச் சீனி போட்டாள். ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடினாள். வாசலுக்குக் கொண்டுவந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவளை, தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியிருந்த றொனால்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எறிவதற்கா, மதாம்?"

"இல்லை. ஒருவர் வர இருக்கிறார். கொஞ்சம் பிந்துகிறார்."

"விழாவுக்கா?"

"விழாவுக்கென்று சொல்ல முடியாது."

றொனால்ட் தட்டை வாங்கித் தன் மேசையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்தார். "பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்," என்றார். "எழுதி வைக்காவிட்டால், நான் இல்லாத நேரம் வந்தால் மற்றக் காவலாளி உள்ளே விடமாட்டான்."

சிவாஜினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். படிகளின் மேல் வடைப் பெட்டியோடு வந்துகொண்டிருந்த இராஜதுரை, அங்கேயே நின்றுவிட்டார்.

"ஐங்கரன்," என்றாள்.

"எழுத்தைச் சொல்லுங்கள், பிழையாக எழுதிவிடுவேன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். றொனால்ட் பெரிய கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். யாரைப் பார்க்க வருகிறார் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "அக்காவை," என்றாள். அதையும் எழுதினார். வந்த நேரம் என்று போட்டிருந்த கட்டத்தை வெறுமையாக விட்டார். பிறகு, கண்ணாடிக் கதவால் வந்த வெயில் மேசையில் பாதிவரை விழுந்திருந்ததால், மூடியிருந்த தட்டை நிழல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.